தூரத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை, கோச்சியை (ரயிலை) ஓட விடுங்கள்!

போன செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் கண்டியில் கிளினிக். விடியக்காலையிலேயே கம்பளையில் பஸ் ஏறிவிட்டோம். பேராதனை வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. கண்டிக்குள் நுழைகிற கெட்டம்பேயில் நின்றது நின்றதுதான். இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்த மனுஷி, கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு "நம்பர் போயிருமாடா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். அப்புறம் பஸ் வில்லியம் கோபல்லாவ மாவத்தையில் ஊர்கிறது, ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம் வெயில் காய்கிறது. அந்த நேரம் முழுக்க ஒரு கோச்சி போகவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. பேராதனையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை ஏற்கெனவே இருக்கிற பாதையிலேயே கால் மணிக்கு ஒரு சின்னக் கோச்சி விட்டால் என்ன என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து சீட் அண்ணன் உடனே, "செய்றதுன்னா கொழும்புக்குப் பிளான் போட்ட மாதிரி பெருசா செய்யணும் தம்பி. அரைகுறையா செய்றதுக்குச் செய்யாமலே இருக்கலாம்" என்றார்.

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கொழும்பில் என்ன ஆனது? இலகு ரயிலுக்கு, அதாவது நகருக்குள் ஓடுகிற சின்ன மின்சார ரயிலுக்கு, பல பாதைகள் என்றார்கள். முதலில் கோட்டை–மாலபே மட்டும் என்று வந்தது: 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள், ஜப்பான் கடன். 2020 செப்டெம்பரில், செலவு அதிகம் என்று அதையும் ரத்துச் செய்தார்கள். ஒரு நிலையம்கூட எழும்பவில்லை. அந்த ஒரு பாதையாவது இருந்திருந்தால் மாலபேக்காரருக்கு எவ்வளவு நிம்மதி!

சரி, நம்ம மலையகப் பாதையையே எடுங்கள். கண்டிக்குக் கோச்சி வந்தது 1867இல். நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. கண்டிக்கு வந்த பிறகு பதுளையைத் தொட 57 வருஷம்! வெள்ளைக்காரன் கோப்பியும் தேயிலையும் இறக்கத்தான் போட்டான், நம்ம ஆட்கள் அந்த மலைகளைக் குடைந்து பட்ட பாடு தனிக் கதை. ஆனாலும் போட்ட துண்டு வரைக்கும் கோச்சி ஓடியது. பதுளை வரை போகாவிட்டால் எதற்கு என்று 1867இல் கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்தார்கள்?

கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தவர்கள்தான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு அகலம் குறைந்த தண்டவாளத்தில் ரயில் ஓடியது. 1940களில் மூடினார்கள், அதோடு சரி. நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் நானுஓயாவில் இறங்கி மூட்டை முடிச்சோடு பஸ் தேடுகிறார்கள்.

அடிக்கடி கோச்சி ஓடினால் கேட் மூடி ரோடு இன்னும் அடைபடும் என்றும் அண்ணன் சொன்னார். அது உண்மையான பிரச்சினைதான். ஆனால் சின்னக் கோச்சியாக இருந்தாலும் பல பஸ் சனத்தை ஒரே தடவையில் ஏற்றுமே! அவ்வளவு பேரும் ரோட்டை விட்டு இறங்கினால் யாருக்கு நட்டம்? மகியாவையில் இருந்து டவுனுக்கு வேலைக்கு வருகிறவருக்கும், பேராதனை வளாகத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கும் பெரிய புதுப் பாதை வேண்டியதில்லை. அவர்களுக்கு இந்தச் சில கிலோமீற்றர்தான் வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரத்தம் எடுக்கிற நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். திரும்பிப் போக பஸ் ஏறும்போதே அம்மா கேட்கிறார், "அன்னைக்கு நாலு மணி பஸ்ஸுலயே வந்திருவோமா?"