குதிரை வண்டிக்குப் பின்னால் போன அந்த வீடியோ

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஒரு ஆமிஷ் குடும்பத்தின் குதிரை வண்டியைக் காரில் பின்தொடர்ந்து நம்மாள் ஒருவர் எடுத்த அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். ஆமிஷ் என்றால், மதக் கட்டுப்பாட்டால் கரண்ட், கார் எல்லாம் வேண்டாம் என்று எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். "நீங்க அயோவாலதானே இருக்கீங்க, செம இல்ல?" என்று இன்பாக்ஸில் வேறு அனுப்புகிறீர்கள். செம எல்லாம் இல்லை. எரிச்சலாக இருக்கிறது.

வண்டிக்குப் பின்னாலேயே காரை உருட்டிக்கொண்டு போய், பிள்ளைகள் குனிந்து முகத்தை மறைத்த பிறகும் ஜூம் பண்ணி, "பாருங்க மக்களே, கரண்ட்டுன்னா என்னன்னே தெரியாத ஜனங்க" என்று பின்னணிப் பேச்சு. அண்ணே, அவர்களுக்குக் கரண்ட் நன்றாகவே தெரியும். வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

நீங்கள் காரை உருட்டிய அந்த ஹேசல்டன் பக்கத்து மண்ணுக்கு ஒரு கதை உண்டு. ஊருக்கு ஊர் பாதாம் அல்வா தேடிச் சாப்பிட்டு வீடியோ போடுகிறவருக்கு அதைத் தேட நேரம் இருந்திருக்காது. தெற்கே கலோனாவில் ஏற்கெனவே ஆமிஷ் மக்கள் இருந்தார்கள். அங்கே கட்டுப்பாடு தளர்கிறது என்று நினைத்த சில குடும்பங்கள் 1914ல் ஹேசல்டன் இருக்கிற புக்கானன் கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) வந்து நிலம் வாங்கின. சொந்த ஜனத்திடமே "எங்களுக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள். கரண்ட் தெரியாமல் காட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் இல்லை.

அப்புறம் பள்ளிக்கூடத் தகராறு. கிராமத்து ஓரறைப் பள்ளிகளை மூடி, எல்லாப் பிள்ளைகளையும் ஊர்ப் பெரிய பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்பு என்றது நிர்வாகம். இவர்கள் தங்கள் சின்னப் பள்ளிகளைத் தாங்களே நடத்தினார்கள். எட்டாவது முடித்த தங்கள் பெண்களையே டீச்சராக வைத்தார்கள். டீச்சருக்குச் சான்றிதழ் இல்லை என்று அப்பாக்களுக்கு அபராதம் மேல் அபராதம். 1965 நவம்பர் 19 அன்று அதிகாரிகள் பஸ்ஸோடு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார்கள். யாரோ அவர்களுடைய ஜெர்மன் மொழியில் "ஓடுங்க" என்று குரல் கொடுக்க, பிள்ளைகள் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் ஓடினார்கள். திங்கட்கிழமை அதிகாரிகள் திரும்ப வந்தபோது பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், அம்மாக்கள் அழுதார்கள். கடைசியில் லாரி ஓட்டி மேலே வந்த கவர்னர் ஹெரால்டு ஹியூஸ் தலையிட்டு, போதும் நிறுத்துங்கள் என்றார். 1967ல் சட்டமே திருத்தி விலக்குக் கொடுத்தார்கள்.

உடனே ஒருவர் கமெண்டில் வருவார் என்று தெரியும்: "அந்தப் பிள்ளைகள் ஓடுற போட்டோதானே நாடு முழுக்கப் போய் அவங்களைக் காப்பாத்துச்சு? அதையும் கேட்டா எடுத்தாங்க?" சரி, கேட்டு எடுக்கவில்லை. 'டெ மாயின் ரெஜிஸ்டர்' பத்திரிகை போட்டோகிராபர் எடுத்த படம்தான். ஆனால் அவர் எடுத்தது அரசாங்கம் பிள்ளைகளைத் துரத்திய காட்சியை. நம்மாள் எடுத்தது, தானே துரத்திய காட்சியை. இதையும் அதையும் ஒரே தட்டில் வைப்பவரோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது. எட்டாவதோடு படிப்பை நிறுத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா? விஸ்கான்சினில் நியூ கிளாரஸ் என்ற இன்னொரு சின்ன ஊரில் பிள்ளைகளை எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று மூன்று அப்பாக்களுக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் போட்ட வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972ல் ஆமிஷ் பக்கம் தீர்ப்பு. அதிலும் நீதிபதி டக்ளஸ் மட்டும், பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று எழுதினார். அது என்னையும் உறுத்தத்தான் செய்கிறது. "வேண்டாம்" என்று சொன்னது அப்பாவா, பிள்ளையா? ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி ஜன்னல் வழியாக ஜூம் பண்ணியவருக்கு இல்லை. அவர் கேட்டது லைக்.

ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? சொல்கிறேன். அம்மா இங்கே வந்திருந்தபோது ஒரு கடையில் காய்கறி பார்த்துக்கொண்டிருந்தார். சேலை, ரெண்டு பக்கமும் மூக்குத்தி. ஒரு பெண்மணி கேட்காமல் கொள்ளாமல் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். அம்மா முந்தானையை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் சுற்றி வந்து இன்னொன்று எடுத்தார். "அழகா இருக்கேன்னுதான் எடுத்தா போல, விடுடா" என்று அம்மாதான் என்னைச் சமாதானப்படுத்தினார். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பும் வரை வெளியே வந்தபோதெல்லாம் சேலைக்கு மேலே என் பழைய ஜாக்கெட்டைக் கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டார். ஜூலை மாதம்.

அன்றைக்கு அந்தப் பெண்மணியைப் பற்றி இங்கே எழுதினேன். இனவெறி, திமிர், கேவலம் என்று கொதித்தீர்களே, அதே ஆட்கள்தான் இந்த வீடியோவுக்குக் கீழே ஹார்ட் விட்டிருக்கிறீர்கள். பெயர்களைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அவங்களே டூரிஸ்ட்டுக்குக் கடை வெச்சு ரொட்டியும் நாற்காலியும் விக்கிறாங்களே" என்பார்கள். விற்கிறார்கள். நானும் வாங்குகிறேன். ரொட்டிக்கு விலை சொன்னார்கள், கொடுத்தேன். முகத்துக்கு விலை சொல்லவில்லையே.

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று அவருக்குத் தனியாகவும் எழுதினேன். சிரிப்பு எமோஜி ஒன்று வந்தது, அவ்வளவுதான். கீழே என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். பிள்ளைகள் முகம் தெரிகிற ஸ்க்ரீன்ஷாட்டைக் கமெண்டில் போட்டால் மட்டும் கேட்காமலே அழித்துவிடுவேன்.