கார்த்திகைக்கு முன்னால் பட்டியல் போடாதே

எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். கார்த்திகை பிறக்கும்வரை அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வெற்றி தோல்விப் பட்டியலை யாரும் படம் பிடித்துப் போடக்கூடாது. போட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேருக்கும் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் அவர் செலவு.

இந்தச் சட்டம் வந்ததே என்னால்தான். அதைச் சொல்வதற்கு முன் குழுவைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியும் சுற்றியுள்ள ஊர்களுமாக ஐந்து பேர். வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் லேக்கர்ஸ் அணி ரசிகர். செல்போன் கடை வைத்திருக்கும் தம்பி வாரியர்ஸ். அந்த அணியின் ஸ்டெஃபன் கரி தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறு எதற்கும் ஆகமாட்டான். ஆத்தங்குடிக் கல் வியாபாரம் செய்யும் என் பங்காளி இந்தியானா பேசர்ஸ். பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கும் ஐந்தாமவருக்கு அணியே கிடையாது. “நல்லா ஆடுறவன் பக்கம்” என்று சொல்லிவிட்டு எல்லோரையும் திட்டுவார். நான் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்.

டெட்ராய்ட் ஏன் என்று கேட்காதவர் இல்லை. அங்கே கார் கம்பெனியில் இருந்த மாமா ஒருவர், நான் கல்லூரியில் படிக்கும்போது நீல பனியன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேர் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு பெரியது. அது 2004. ஷாக், கோபி, மலோன், பேட்டன் என்று நாலு பெரிய தலைகளோடு இறுதிக்கு வந்த லேக்கர்ஸை டெட்ராய்ட் 4-1 என்ற ஆட்டக் கணக்கில் சாய்த்த வருஷம். வங்கி அண்ணன் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. நான் ஏதோ டெட்ராய்டின் பென் வாலஸுக்குப் பந்து எடுத்துக் கொடுத்த மாதிரிதான் பேசுவார்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபர். டெட்ராய்ட் முதல் ஆட்டத்தில் மயாமியிடம் ஒரே புள்ளியில் தோற்றது. அடுத்த இரண்டிலும் ஜெயித்தது. மூன்றில் இரண்டு. வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்தவன் நான். பட்டியலைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, “எங்க வண்டி கிளம்பிருச்சு” என்று எழுதினேன். அதற்குப் பிறகு டெட்ராய்ட் தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்றது. ஒரே சீசனில் இத்தனை தொடர் தோல்வி வேறு எந்த என்.பி.ஏ. அணிக்கும் இல்லை. ஐப்பசியில் ஜெயித்த அணி அடுத்து ஜெயித்தது மார்கழியில், டொரொன்டோவுக்கு எதிராக 129-127. கோயில் மைக்கில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தச் சீசன் 14 வெற்றி, 68 தோல்வி என்று முடிந்தது. “எங்க வண்டி கிளம்பிருச்சு” இன்றைக்கும் குழுவில் ஸ்டிக்கராக உயிரோடு இருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன். போன வாரம் போனில், “அக்டோபர், நவம்பர் ஆட்டத்துல என்னண்ணே இருக்கு? அணிக்கு 82 ஆட்டம். ஏப்ரல்ல பிளேஆஃப் வந்ததும் சொல்லுங்க, பார்த்துக்கலாம்” என்றான். பிளேஆஃப் என்றால் கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள். கல்யாணத்துக்குப் பந்தி நேரத்தில் வந்து, கை கழுவிய ஈரத்தோடு மொய் எழுதிவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டல்லவா, அந்த ரகம். அவர்களுக்கும் சாப்பாடு கிடைக்கும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெண் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை, யார் கோபித்துக்கொண்டு போய் யார் சமாதானம் செய்து கூட்டிவந்தார் என்ற கதையெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அந்தக் கதைதான் வேண்டும்.

சீசன் தொடக்கத்தில் பட்டியல் சொல்வதைவிட ஆட்டம் சொல்வது அதிகம். ஐந்து ஆட்டத்தில் ஒருவன் மூன்று புள்ளி எறிதலில் பாதியை உள்ளே போட்டான் என்றால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், டிசம்பரில் இறங்கிவிடும். நான் பார்ப்பது வேறு. கடைசி ஐந்து நிமிடத்தில் பயிற்சியாளர் யாரைக் களத்தில் வைத்திருக்கிறார்? போன வருஷம் பெஞ்சில் இருந்த பையனை நம்பி யாருக்குக் காவல் நிறுத்துகிறார்? பந்தைப் பறிகொடுத்தவன் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? பிளேஆஃப் நேரத்தில் எல்லோரும்தான் ஓடுவார்கள். அக்டோபரில் ஓடுகிறவனைத்தான் நான் நம்புவேன்.

பட்டியலை நம்பாதே என்பதற்கு எங்கள் குழுவிலேயே சாட்சி இருக்கிறது. 2024-25 சீசனில் கிளீவ்லாண்ட் முதல் 15 ஆட்டத்தையும் ஜெயித்தது. அதே சீசனில் பங்காளியின் இந்தியானா ஒரு கட்டத்தில் 10 வெற்றி, 15 தோல்வி என்று கிடந்தது. மே மாதம் இரண்டாம் சுற்றில் இரண்டும் மோதியபோது இந்தியானா 4-1. அங்கிருந்து இறுதிப்போட்டிவரை போய், ஓக்லஹோமாவிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் விழுந்தது. வங்கி அண்ணன் மட்டும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். “1993-94ல ஹூஸ்டனும் மொத 15 ஆட்டம் ஜெயிச்சுது, கோப்பையும் தூக்குச்சு. அதுக்கு என்ன சொல்ற?” என்பார். என்னிடம் பதில் இல்லை. அண்ணனிடம் எப்போதும் ஒரு பழைய கணக்கு இருக்கும்.

இதற்கெல்லாம் நல்ல விளக்கம் சொன்னவர் பங்காளியின் ஐயா. வயது எண்பதுக்கு மேல். கூடைப்பந்து என்றால் என்னவென்று கடைசிவரை கேட்டுக்கொள்ளமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பவர். அவருக்கு மாட்டு வண்டிப் பந்தயம் தவிர வேறு விளையாட்டு கிடையாது. பெரிய மாடு, போய் வர எட்டு மைல் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள் அல்லவா? “போறப்ப முந்துற மாட்டைப் பார்த்துப் பந்தயம் கட்டாதீங்கடா. திரும்புற இடத்துல எந்த மாடு மூக்கால மூச்சு விடுது, எந்த மாடு வாயால விடுதுன்னு பாருங்க” என்றார். எனக்குத் தெரிந்து அமெரிக்காவில் புள்ளிவிவரத்தோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வதும் இதைச் சொல்லத்தான்.

ஐயாவின் வீட்டு முகப்புத் திண்ணைதான் எங்கள் அரங்கம். அதற்குக் காரணம் ரசனை இல்லை. அந்த வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு வளவுக்குள் போன் சிக்னல் எட்டிப் பார்க்காது. திண்ணையில் மட்டும்தான் ஆட்டம் நிற்காமல் ஓடும். ஐப்பசி அடைமழையில் சாரல் ஒரு பக்கம், கரண்ட் போனால் கொசு ஒரு பக்கம், நடுவில் ஒரு போனை செம்பின் மேல் சாய்த்துவைத்து நாலு தலை. வாரியர்ஸ் தம்பி கடையிலிருந்து பெரிய டேப்லெட் கொண்டுவருவதாக மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நேரக் கணக்கு தனிக் கூத்து. டெட்ராய்டில் இரவு 7 மணி ஆட்டம் அக்டோபரில் நமக்கு விடியற்காலை 4.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அன்றிலிருந்து அதே ஆட்டம் நமக்கு 5.30. எனக்கு அது வரம். கூடுதலாக ஒரு மணி நேரத் தூக்கம். வங்கி அண்ணனுக்கோ சாபம். மேற்குக் கரையில் இரவு 7.30க்கு லேக்கர்ஸ் இறங்கினால் அக்டோபரில் காலை 8 மணி. குளித்துக்கொண்டே முதல் பாதியைப் பார்த்துவிடலாம். நவம்பரில் 9. கடைசிக் கால்பகுதி நடக்கும்போது அவர் கவுண்டரில் யாருக்கோ பாஸ்புக் போட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் முடிவைச் சொல்லக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். தம்பி அதை வாரம் ஒரு முறை மீறுவான்.

வங்கி என்றதும் பி.டி. மாஸ்டர் சொல்வது ஞாபகம் வருகிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அந்த வங்கியின் கூடைப்பந்து அணி நாட்டின் பெரிய அணிகளில் ஒன்று. “நம்ம ஊருல தொறந்த பேங்கோட டீம்ல அஞ்சு பேரு பேரைச் சொல்லுங்கய்யா பார்ப்போம்” என்று ஒரு நாள் கேட்டார். நான்கு பேரும் வாயை மூடிக்கொண்டோம். டெட்ராய்டின் பன்னிரண்டாவது ஆட்டக்காரன் எந்தக் கல்லூரியில் படித்தான் என்பது எனக்குத் தெரியும். மாஸ்டர் சொன்னதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பங்காளி எப்படி இந்தியானா ஆனான் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. 2019 அக்டோபரில் என்.பி.ஏ. அணிகள் முதல் முறையாக இந்தியாவுக்கு வந்து மும்பையில் ஆடின. இந்தியானாவும் சாக்ரமென்டோவும், இரண்டு ஆட்டம். கல் வியாபார விஷயமாக அங்கே போயிருந்தவன், வொர்லியில் இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்தான். இந்தியானா 130-106. சீசனுக்கு முன் ஆடும் பயிற்சி ஆட்டம் அது, எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் அவன் கணக்கில் சேர்ந்துவிட்டது. திரும்பி வந்தவன் மூன்று நாள் வேறு பேச்சே பேசவில்லை. “கிட்ட இருந்து பார்த்தா அவங்க ஓடுற சத்தம் கேக்குது பங்காளி, ஷூ கிறீச்சுங்குது” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு 2022இல் இந்தியானா, சபோனிஸ் என்ற ஆட்டக்காரரைக் கொடுத்து ஹாலிபர்ட்டனை வாங்கியது. யாரிடமிருந்து? அதே சாக்ரமென்டோவிடமிருந்து. இதைத் தனக்கென்றே நடந்த காரியமாக எடுத்துக்கொண்டான்.

அந்த ஹாலிபர்ட்டன்தான் 2025 ஜூனில், இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டத்தில், முதல் கால்பகுதியிலேயே குதிகால் தசைநார் அறுந்து தரையில் விழுந்தான். திண்ணையில் யாரும் பேசவில்லை. லேக்கர்ஸ் அண்ணன்கூட எழுந்து போய்ப் பங்காளிக்குக் காபி வாங்கிவந்தார். அந்த மனுஷன் காசு எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்த 2025-26 சீசன் தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் தொடங்கியது. முதல் நாளே லேக்கர்ஸும் வாரியர்ஸும். லூக்கா டான்சிச் 43 புள்ளி எடுத்தும் லேக்கர்ஸ் தோற்க, தம்பி அன்றைக்குக் கடையை அரை மணி நேரம் தாமதமாகத் திறந்தான். டெட்ராய்ட் முதல் நான்கில் இரண்டு ஜெயித்து இரண்டு தோற்றது. அதற்கப்புறம் தோற்கவே மறந்துவிட்டது. நான் வாயே திறக்கவில்லை. 28 ஞாபகம் இருப்பவன் எப்படித் திறப்பான்? இந்தியானாவோ ஹாலிபர்ட்டன் இல்லாமல் தோல்வி மேல் தோல்வி. நவம்பர் நடுவில் அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு வெற்றி, அதுவும் வாரியர்ஸுக்கு எதிராக. தம்பி அந்த வாரம் முழுக்கத் திண்ணைப் பக்கம் வரவில்லை.

கார்த்திகை பிறக்க இரண்டு நாள் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. என்.பி.ஏ.வின் கிழக்குப் பகுதி அணிகளின் பட்டியல். முதல் வரியில் டெட்ராய்ட், அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். தன் அணி கிடந்த அடிப்பகுதியை வெட்டாமல், அதையும் சேர்த்தே போட்டிருந்தான் பங்காளி. கீழே எழுதியிருந்தது இவ்வளவுதான்: “நீ போட மாட்ட. அதான் நான் போட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை நான் காசு எடுத்தபோது கையைத் தட்டிவிட்டான். ஐந்து பேருக்கும் பணியாரம், ஐயாவுக்கு மட்டும் சட்னி தனியாக, காரம் கம்மியாக.

டெட்ராய்டின் பதின்மூன்றாவது தொடர் வெற்றி இந்தியானாவுக்கு எதிராகத்தான் வந்தது. விடியற்காலை 5.30, மழை விட்டிருந்தது, நானும் பங்காளியும் மட்டும். பதின்மூன்று என்பது டெட்ராய்ட் அணியின் பழைய சாதனைக்குச் சமம். முன்பு அதைத் தொட்ட இரண்டு சீசனிலும், 1990இலும் 2004இலும், கோப்பையும் வந்தது என்று வங்கி அண்ணன் உடனே குழுவில் எழுதினார். வேண்டாம் அண்ணே, அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அழிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் எங்களை மூன்று புள்ளியில் தோற்கடித்தது. இதற்கும் அபராதம் உண்டா என்று பங்காளி கேட்டிருக்கிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் பேசி முடிவு செய்வோம்.