ஜாலான் மஸ்ஜிட் இந்தியா: தேடல் எப்போதோ நின்றுவிட்டது

'ஜாலான் மஸ்ஜிட் இந்தியா குழியில் விழுந்த பெண்ணை இன்னும் தேடுகிறார்கள், குடும்பத்துக்கு உதவ இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

2024 ஆகஸ்ட் 23 அன்று கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா தெருவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த அந்தப் பெண் சுமார் 8 மீட்டர் ஆழத்தில் விழுந்தார். கழிவுநீர்க் குழாய்களில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தும், முக்குளிப்பவர்களை இறக்கியும் தேடினார்கள். கிடைத்தது ஒரு ஜோடி செருப்புதான். ஆகஸ்ட் 31 அன்று தேடல் நிறுத்தப்பட்டது. மலேசியாவின் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் பழைய செய்திகளிலேயே பார்க்கலாம்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இளகிய மனசு. அதில் நமக்குப் பெருமைதான், ஆனால் மோசடிக்காரனுக்கும் அது தெரியுமே! ஒரு கணக்கின் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். புகார் இல்லை என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள், புதுக் கணக்காக இருக்கலாம். ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் உடனே தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். அப்புறம், அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.