ஒத்தை எஞ்சின்

(தோவாளை பூச்சந்தை. விடிந்தும் விடியாத நேரம். பிச்சியும் அரளியும் மினி டெம்போவில் ஏறியாகிவிட்டன. வண்டியின் முதலாளி செல்லத்துரை முன்சீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். டிரைவர் ராஜன் டீ டம்ளரை வைத்துவிட்டு வருகிறான்.)

செல்லத்துரை: லே ராஜா, இது எப்படி இருக்கு பாரு.

ராஜன்: பிளேன்லா அண்ணாச்சி!

செல்லத்துரை: பிளேன்னு எனக்குத் தெரியாதாக்கும். செஸ்னா கேரவன். ஒத்தை எஞ்சின் டர்போபிராப், அதாவது ஜெட் மாதிரி எஞ்சின், ஆனா முன்னாடி பங்காவைச் சுத்தும். ஒண்ணு வாங்கிப் போடலாமான்னு யோசனை.

ராஜன்: போன மாச டீசல் பாக்கி ஒண்ணு நிக்கி...

செல்லத்துரை: அது கிடக்கட்டும். பாறசாலையில கேரளா லாட்டரி, ஓணம் பம்பர் எடுத்திருக்கேன். முதல் பரிசு 25 கோடி.

ராஜன்: ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போகும். மிச்சத்துல வரி 30 சதவீதம். கைக்கு வர்றது 15 கோடியே 75 லட்சம்.

செல்லத்துரை: (விழாத பரிசில் ஒன்பதே கால் கோடி போன துக்கத்தோடு) அப்போ புதுசு கட்டாது. பழசுதான் பார்க்கணும்.

ராஜன்: சொந்த உபயோகத்துக்குன்னா ஜிஎஸ்டியே 40 சதவீதம்னு பேப்பர்ல போட்டிருந்தான்.

செல்லத்துரை: நல்ல காரியம் பேசும்போது வரியைப் பத்திப் பேசாதே.

(ஒன்று சொல்லவேண்டும். அண்ணாச்சி சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் அல்ல. ஒரு வாரமாகப் பூ விலையைக்கூடப் பார்க்காமல் விமானத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். கடையில் எல்லாரும் தப்பி ஓடிவிட்டார்கள். ராஜனுக்கு ஓட வழியில்லை, வண்டியே அவன்தான் ஓட்டவேண்டும்.)

ராஜன்: எதுக்கு அண்ணாச்சி ஒத்தை எஞ்சின்? ரெண்டா வாங்கினா ஒண்ணு நின்னாலும் ஒண்ணு ஓடும்லா.

செல்லத்துரை: ரெண்டு எஞ்சின்னா ரெண்டு செலவு. இதுல இருக்கிறது பி.டி.6 எஞ்சின். 1960கள்ல இருந்து கனடாக்காரன் பண்றான், உலகம் பூரா ஓடுது. அதுல ஒரு வேடிக்கை கேளு. காத்து எஞ்சினுக்குப் பின்பக்கமா நுழைஞ்சு முன்பக்கமா வருது. புகைக்குழாயே முன்னாடி, பங்காவுக்குப் பக்கத்துல.

ராஜன்: அப்போ புகை பூரா டிரைவர் மூஞ்சியிலயா?

செல்லத்துரை: குழாயை வலப்பக்கமா கீழே வளைச்சு விட்டிருக்கான். எல்லாம் யோசிச்சுத்தான் செய்திருக்கான்.

ராஜன்: என்ன ஊத்தணும்? பெட்ரோலா?

செல்லத்துரை: அங்கேதான் லாபம். சின்ன பிஸ்டன் பிளேனுக்கு அவ்காஸ்னு ஒரு பெட்ரோல் வேணும். அது நம்ம நாட்டுல லேசுல கிடைக்காது. இதுக்கு ஜெட்டுக்கு ஊத்துறதே போதும், எந்த ஏர்போர்ட்லயும் இருக்கும். மண்ணெண்ணெய்க்கு மூத்த அண்ணன்னு வச்சுக்கோ.

ராஜன்: அப்போ ரேஷன்ல...

செல்லத்துரை: வாயை மூடு.

ராஜன்: மைலேஜ்?

செல்லத்துரை: (சற்றுநேரம் தோவாளை மலையைப் பார்த்துவிட்டு) மணிக்கு 340 கிலோமீட்டர் போகும்.

ராஜன்: அதைக் கேக்கல அண்ணாச்சி. மைலேஜ்.

செல்லத்துரை: மணிக்கு 200 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 1.7 கிலோமீட்டர்னு வையேன்.

ராஜன்: இந்த வண்டி 15 கொடுக்கல்லேன்னு என்னை என்ன ஏச்சு ஏசினீங்க!

செல்லத்துரை: இது பறக்குமா லே?

ராஜன்: சரி, எங்கே நிறுத்துவீங்க? நம்ம ஜில்லாவுலதான் ஏர்போர்ட்டே கிடையாதே.

செல்லத்துரை: திருவனந்தபுரம்.

ராஜன்: அப்போ பூவை இதே வண்டியில ஏத்தி, மார்த்தாண்டத்துல நெரிசல்ல நின்னு, களியக்காவிளை தாண்டி, நாம தினம் பூ போடுற திருவனந்தபுரத்து 'சாலை' மார்க்கெட்டையும் தாண்டி ஏர்போர்ட்டுக்குப் போகணும்.

செல்லத்துரை: ஆமா.

ராஜன்: அங்கேயிருந்து?

செல்லத்துரை: மஸ்கட். அங்கே பிச்சிப்பூ என்ன விலைன்னு தெரியுமா?

ராஜன்: எவ்வளவு தூரம் பறக்கும்?

செல்லத்துரை: முழுசா எண்ணெய் அடிச்சா 1,700 கிலோமீட்டர்.

ராஜன்: மஸ்கட்?

செல்லத்துரை: 2,500க்கு மேலே.

ராஜன்: மிச்ச தூரத்துக்கு?

செல்லத்துரை: குளச்சல்ல தெரிஞ்ச விசைப்படகுக்காரன் ஒருத்தன் இருக்கான்.

ராஜன்: நடுவழியில அந்த ஒத்தை எஞ்சின் நின்னா?

செல்லத்துரை: கல்லு மாதிரி விழாது லே. சறுக்கிட்டே பைய இறங்கும். மணிக்கு 113 கிலோமீட்டருக்குக் குறைஞ்ச பிறகுதான் இறக்கை பிடி விடும். அவ்வளவு மெதுவா வந்தா ஒரு வயல் கிடைச்சாலும் போதும், இறக்கிடலாம்.

ராஜன்: எந்த வயல்? முப்பந்தல் பக்கம் பூரா காத்தாடி. மேற்கே ரப்பர். தெற்கே கடல். நாஞ்சில்நாட்டு வயலை எல்லாம் கல்லு நட்டு பிளாட்டாக்கிட்டானுவ.

செல்லத்துரை: பிளாட்டுன்னா நல்லதுதானே? முப்பதடி ரோடு விட்டிருப்பான்லா.

ராஜன்: இறக்கை எத்தனை அடி?

செல்லத்துரை: 52.

(இருவரும் கொஞ்சநேரம் பேசவில்லை. ஆரல்வாய்மொழிக் காற்று தார்ப்பாயை அடித்துத் தூக்குகிறது. ராஜன் கயிற்றை இழுத்துக் கட்டுகிறான்.)

ராஜன்: ஆனியாடிக் காத்துல இதை யாரு அண்ணாச்சி ஓட்டுவா?

செல்லத்துரை: குறுக்குக்காத்து 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் வரைக்கும் இறக்கிக் காட்டியிருக்கான். காத்து பெரிசில்ல, உப்புதான் பெரிசு. கடலோரத்துல பறந்தா எஞ்சினை நல்ல தண்ணி விட்டு அடிக்கடி கழுவணும். உப்பு படிஞ்சா உள்ளே சுத்துற பிளேடு அரிச்சுடும்.

ராஜன்: நல்ல தண்ணியா? எங்க தெருவுல பைப்பு வந்து நாலு நாளாச்சு.

செல்லத்துரை: அப்புறம் 3,600 மணிநேரம் ஓடினா எஞ்சினை முழுசா கழட்டி மாட்டணும். அதுக்குக் கோடியில ஆகும். சரி, ஓட்டாம மூடி வச்சாவது மிச்சம் பிடிக்கலாம்னா அதுவும் ஆகாது. மாசக்கணக்கைப் பார்த்து சோதனை, இன்சூரன்ஸ், நிறுத்துற வாடகை, பைலட் சம்பளம் எல்லாம் பாட்டுக்கு ஓடும். வருஷம் முழுக்க ஓட்டுறவனுக்குத்தான் இது கட்டும் மக்கா.

ராஜன்: நமக்குச் சீசனே ஓணமும் முகூர்த்த நாளும்தானே.

செல்லத்துரை: அதுதான் யோசிக்கேன். ஆனா செலவை விடு. ஸ்டார்ட் பண்றதுதான் இதுல பெரிய வித்தை. எஞ்சின் தேவையான வேகத்துக்குச் சுத்துறதுக்கு முன்னாடி எண்ணெயைத் திறந்துட்டா உள்ளே சூடு தலைக்கு ஏறி பிளேடு உருகிடும். ஹாட் ஸ்டார்ட்டுன்னு பேரு. சில நொடிதான், எஞ்சின் போச்சு.

ராஜன்: அது எதனால வருது?

செல்லத்துரை: முக்காலும் பேட்டரி வீக்கா இருந்தா வரும். அதனாலதான் சொல்றேன், பேட்டரியில மிச்சம் பிடிக்கிறவன் வாகனமே வச்சிருக்கக்கூடாது.

(ராஜன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறான். 'டிக்'. இன்னொரு தடவை திருப்புகிறான். 'டிக்'.)

ராஜன்: அண்ணாச்சி, இறங்குங்க.

செல்லத்துரை: எதுக்குலே?

ராஜன்: பயப்படாம தள்ளுங்க. இதுல பிளேடு ஒண்ணும் உருகாது.