ஐம்பது மூவில் கை வைக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு செஸ் போட்டி. ரேட்டிங் இல்லாதது. ஏழாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளைக் கூட்டிப் போயிருந்தேன். நாலாவது ரவுண்டில் அவளிடம் ராஜாவோடு பிஷப்பும் குதிரையும் மிச்சம். எதிரே இருந்த பையனிடம் வெறும் ராஜா.

(மந்திரி என்று எழுதாமல் பிஷப் என்று எழுதக் காரணம் உண்டு. மலையாளத்தில் 'ஆன' என்றால் குறுக்கே ஓடும் காய். நம் தமிழில் யானை நேராகப் போகும் காய். இரண்டு மொழியும் கலந்து புழங்கும் எங்கள் ஊரில் பிஷப், ரூக் என்று சொன்னால்தான் சண்டை வராது.)

விளையாடியவர்களுக்குத் தெரியும், இந்த மேட் (எதிராளி ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்குவது) லேசில் வராது. பிஷப் ஓடும் நிறத்தில் உள்ள மூலைக்குத்தான் ராஜாவை ஓட்ட வேண்டும். அவளுடையது வெள்ளைக் கட்ட பிஷப். பையன் விவரமானவன், ராஜாவைக் கறுப்பு மூலையான எச்8-இல் ஒளித்து வைத்திருந்தான். அவள் குதிரையை எஃப்7-இல் வைத்துக் கிளப்பினாள். எட்டாவது வரிசையில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளினாள். குதிரை ஈ5-க்கு வந்ததும் ராஜா வரிசையை விட்டு இறங்கி சி7-க்கு வந்துவிட்டது. பார்ப்பவருக்கு, பிடி நழுவிவிட்டது என்றுதான் தோன்றும். அங்கேதான் குதிரை டி7-க்குப் போக வேண்டும். அடுத்து பிஷப் டி3-க்கு வந்தால் கதவு சாத்தியாச்சு. குதிரையை டி7-இல் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்த நடுவர், "மதி மோளே, டிரா ஆணு" (போதும் மகளே, டிரா) என்றார்.

25 மூவ் ஆகிவிட்டதாம். அதற்குள் மேட் ஆகாவிட்டால் டிரா என்று காலையில் மைக்கில் சொன்னார்களாம். அது யார் காதிலும் விழவில்லை.

விதி என்ன? காய் வெட்டுப்படாமல், சிப்பாய் நகராமல், இரண்டு பக்கமும் தலா 50 மூவ் போனால் டிரா கேட்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் 75 ஆனால் ஆட்டம் தானாக முடியும். இது 2014-இல் வந்தது. பிஷப்-குதிரை மேட்டுக்குச் சரியாக ஆடினால் அதிகபட்சம் 33 மூவ் போதும். ராணியை வைத்து ரூக்கை வெல்ல 31. மிச்சம் இருப்பது, மனுஷப் பிள்ளை ஒன்றிரண்டு இடத்தில் தடுமாறித் திரும்பி வருவதற்கான இடம். 25 என்று வைத்தால், வழி தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் ஒரே அரைப் புள்ளி. அப்புறம் எந்தக் குழந்தை உட்கார்ந்து எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்ட ஆட்டம்) படிக்கும்?

எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில வகை எண்ட்கேம்களுக்கு மட்டும் வரம்பை 100 ஆக்கி வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. 1989-இல் பெல்கிரேடில் நிகோலிச்சும் அர்சோவிச்சும் 269 மூவ், இருபது மணி நேரத்துக்கு மேல் ஆடியும் டிராதான். 1992-இல் அந்த விலக்குகளை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் 50 என்று ஆக்கியது சரியான முடிவு. ஏழு காய் நிலைகளில் 549 மூவ் வரை போகும் மேட்டைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருக்கிறது. அதற்காக மனுஷன் ஆடும் ஆட்டத்தை நீட்ட வேண்டாம், கம்ப்யூட்டரோடு இருக்கட்டும்.

ஆனால் குறைப்பதை ஏற்கவே மாட்டேன். 2021-இல் துபாயில் உலக சாம்பியன் பட்டத்துக்கான ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் 136 மூவ், ஏழே முக்கால் மணி நேரம் ஆடி நெப்போம்னியாச்சியை வென்றார். பாதிக்கு மேல் 'இது டிராதானே' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்! 2024 டிசம்பர் 12-இல் அதே பட்டத்துக்காகக் குகேஷ் ஆடிய கடைசி ஆட்டமும் அப்படித்தான். ஒரே ஒரு சிப்பாய் கூடுதல், ஊர் முழுக்க டிரா என்றது. அவர் விடவில்லை. 55ஆவது மூவில் டிங் லிரென் தவறினார். பதினெட்டு வயதில் நம் பையன் உலக சாம்பியன். எதிராளியைக் கடைசிவரை கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதும் செஸ்தான்.

ஹால் சாவியை ஐந்து மணிக்குக் கொடுக்கணும், இன்னும் இரண்டு ரவுண்டு பாக்கி என்கிறார்கள். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும், நானும் போட்டி நடத்தியிருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஜிட்டல் கிளாக்கில் மூவுக்கு ஐந்து விநாடி இன்க்ரிமென்ட் (ஒவ்வொரு மூவுக்கும் கூடுதலாகச் சேரும் நேரம்) வைத்தால், இருவர் கையிலும் நேரம் தீர்ந்த பிறகுகூட 50 மூவுக்கு ஆவது 500 விநாடி. எட்டரை நிமிஷம்கூட இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பேசுகிற பேச்சில் பாதி நேரம்.

வேலந்தாவளம் பஸ்ஸில் திரும்பும்போது அவள் பேசவே இல்லை. பையிலிருந்த காந்த போர்டை மடியில் வைத்து, நிறுத்திய இடத்திலிருந்து இரண்டு பக்கமும் தானே ஆடினாள். "மாமா, 38ல மேட்" என்று மட்டும் சொன்னாள். அரைப் புள்ளி போனதில் கோப்பையும் போச்சு. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்தப் பக்கம் போட்டி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மூவ் வரம்பு 50 என்று நோட்டீசிலேயே அச்சடியுங்கள். கிளாக் பற்றவில்லை என்றால் என்னிடம் ஆறு இருக்கிறது. முந்தின நாள் போன் செய்தால் நானே பேட்டரி போட்டுக் கொண்டுவந்து தருகிறேன்.