தலையை வெட்டாதீர்கள்

பழைய தொடர்களை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் படத்தை ஏன்தான் இந்தப் பாடு படுத்துகிறார்களோ! நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொண்ணூறுகளின் டிவிக்காக, 4:3 சட்டகத்துக்குள், அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூணு பங்கு என்ற அளவில் எடுத்தது. அகலத் திரையை நிரப்புகிறேன் என்று மேலும் கீழும் வெட்டினால், குளோசப்பில் நெற்றியும் போகிறது, மோவாயும் போகிறது. வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்தாலோ எல்லா முகமும் பூசணிக்காய். அப்புறம் குதிரையில் வரும் கருப்புசாமியைப் பார்த்து எப்படிப் பயம் வரும்? போதாததற்கு டைட்டில் பாட்டையும் நறுக்கிவிடுகிறார்கள். அதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குமே, பாதித் தொடரே அதுதானே! ‘சுழல்’ மாதிரிப் புதுத் தொடர் என்றால் எடுத்தபடியே முழுசாகக் காட்டுகிறார்கள். பழசுக்கு அந்த மரியாதை கிடையாதா? வெட்டாமல், இழுக்காமல் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும்; இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?