நடந்த பிள்ளைகளைக் கேலி செய்தவர்களுக்கு

புற்றுநோய் நிதிக்காக மாணவர்கள் நடத்திய நடைப்பயணத்தைப் பற்றி, "நடந்தால் நோய் குணமாகிவிடுமா, படம் எடுத்துப் போடத்தானே இதெல்லாம்" என்று ஒருவர் எழுதியதையும், நம் நண்பர்கள் சிலரே அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருந்ததையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பேசாமல் கடந்துவிடத்தான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை.

நடந்தால் நோய் குணமாகும் என்று அந்தப் பிள்ளைகள் எங்கும் சொல்லவில்லை. உள்ளூர் நோயாளிகள் சிகிச்சைக்குப் போய்வரும் வண்டிச் செலவுக்கு என்றுதான் உண்டியலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரங்களுக்குத் தரப்படுவது. உள்ளே இருப்பது சில நிமிடங்கள்தான் என்றாலும், போய்வருவதில் அன்றைய பொழுதே போய்விடும். என் அம்மாவுக்குக் கழுத்தில் கரண்ட் வைத்த காலத்தில், அதாவது இதே கதிர்வீச்சு கொடுத்த காலத்தில், கதிர் பட வேண்டிய இடத்தைக் காட்ட மருத்துவமனையில் மையால் போட்ட கோடுகள் அழியக் கூடாதென்று அங்கே தண்ணீர் படாமல் குளிப்பார். பேருந்தில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துண்டால் மூடிக்கொள்வார். சிகிச்சைக்குக் காப்பீடு கைகொடுத்தது. வண்டிக் கூலிக்கு எதுவும் கைகொடுக்கவில்லை. "இன்னும் எத்தனை நாள் போக வேண்டும்" என்று அவர் கேட்டதெல்லாம் வலியால் அல்ல, அந்தக் கூலியை நினைத்துத்தான்.

இதை அரசுதானே செய்ய வேண்டும் என்பீர்கள். செய்ய வேண்டும்தான். அதுவரை, நாளை காலை சிகிச்சைக்குப் போக வேண்டியவர் என்ன செய்வார்? கணக்கு எங்கே என்று கேட்பது நியாயம், மாணவர்கள் அதை வெளியிடத்தான் வேண்டும். ஆனால் கணக்குக் கேட்பது வேறு, கேலி பேசுவது வேறு. படிக்கிற வயதில் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்த கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். அவரும் பல்கலைக்கழக மாணவர்தான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால்தான் நின்றார்; மறு ஆண்டு, 22 வயதில் இறந்தார். அவர் பெயரால் இன்றும் பல நாடுகளில் மக்கள் ஓடி நிதி திரட்டுகிறார்கள்.

படம் எடுத்தார்கள்தான், எடுத்தால் என்ன? என் அம்மா வெளியில் சொல்லவே அஞ்சி மூடி மறைத்த நோயின் பெயரை, இந்தப் பிள்ளைகள் பெரிய எழுத்தில் எழுதித் தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒருங்கிணைத்த மாணவி இனி இதில் இறங்கப் போவதில்லை என்று எழுதியிருக்கிறாள். கேலி செய்தவர் முதலில் அவளிடம் பேசட்டும். அடுத்த ஆண்டு அவர்கள் நடக்கவில்லை என்றால் அந்த வண்டிக் கூலியை யார் கொடுப்பது என்பதையும் அவளிடமே சொல்லட்டும்.